சேலத்துக் கறுப்புக் கல்: மூடிப்போன ஒரு குரோமியச் சுரங்கத்தின் கதை



படிவம் நான்கில் உலோகக் கலவைகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பின் வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், எங்கள் பாட்டியின் எவர்சில்வர் தம்ளர் அம்மா பிறப்பதற்கு முன்பே வாங்கியதாம். இன்னும் பளபளவென்று இருக்கிறது. வீட்டு வாசல் கேட்டோ மூன்று வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. இரண்டும் இரும்புதானே?"

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். பாட்டியின் அப்பா சேலம் பக்கத்திலிருந்து நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவராம். "சேலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கல்லும் வெயிலும்தான், அதனால்தான் கப்பல் ஏறினோம் என்று பாட்டி சொல்வார், சார்." வகுப்பே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. தம்ளர் ஏன் துருப்பிடிக்கவில்லை என்பது ஒரு கேள்வி. சேலத்தில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரு கறுப்புக் கல்லில் பதில் இருக்கிறது. அந்தக் கல்லின் பெயர் குரோமைட். சேலத்தில் அதைத் தோண்டிய சுரங்கம் ஒன்று ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன் இயங்கி, பிறகு மூடிப்போனது. அந்தக் கதையை இந்த வாரம் பார்ப்போம்.

வண்ணத்தின் பெயர் பெற்ற உலோகம்

குரோமியம் தனிம அட்டவணையில் 24ஆம் இடத்தில் உள்ளது. 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான், ரஷ்யாவின் சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தை ஆராய்ந்தார். அதற்குள் அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் இருந்தது. அதன் சேர்மங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று பல நிறம் காட்டின. அதனால் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'குரோமா'விலிருந்து அதற்குக் குரோமியம் என்று பெயர் வைத்தார்கள். மாணிக்கக் கல்லின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் காரணம் அவற்றில் கலந்துள்ள சிறிதளவு குரோமியமே.

ஆனால் மாணிக்கத்தையும் மரகதத்தையும் உடைத்து யாரும் குரோமியம் எடுப்பதில்லை. உலகில் குரோமியத்திற்கான ஒரே முக்கியத் தாது குரோமைட். இது இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். இதன் எளிய வாய்பாடு FeCr₂O₄. நிறத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் உலோகத்தின் தாது கரிக்கட்டி போலக் கறுப்பாக இருப்பது ஒரு வேடிக்கை.

பாயசத்தில் ஜவ்வரிசி, பாறைக்குழம்பில் குரோமைட்

குரோமைட் எல்லாப் பாறைகளிலும் கிடைக்காது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே கவசம் என்ற தடித்த அடுக்கு உள்ளது. அங்கிருந்து உருகி மேலேறும் பாறைக்குழம்பில் மக்னீசியமும் இரும்பும் அதிகம், சிலிக்கா குறைவு. அந்தக் குழம்பு மேலோட்டுக்குள் ஓரிடத்தில் தங்கி மெல்லக் குளிரும்போது எல்லாக் கனிமங்களும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் உறைபவற்றில் ஒன்று குரோமைட்.

வீட்டில் பாயசம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளறாமல் விட்டால் ஜவ்வரிசி அடியில் போய்ப் படிந்துவிடும். குரோமைட்டும் அப்படித்தான். அதன் அடர்த்தி நீரைப்போல ஏறத்தாழ நாலரை மடங்கு. சுற்றியுள்ள குழம்பைவிடக் கனமான அதன் மணிகள் கீழே இறங்கிச் சேர்கின்றன. சில இடங்களில் பல கிலோமீட்டர் நீளும் அடுக்குகளாகப் படியும். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பகுதி இதற்குப் புகழ்பெற்றது. வேறு சில இடங்களில் அடுக்காகப் படியாமல், பாறைக்குள் சிறு நரம்புகளாகவும் முடிச்சுகளாகவும் சிதறிக் கிடக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேலம் சுரங்கத்தின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது.

பெயரளவில் சுண்ணாம்பு மலை

சேலம் நகருக்கு வடக்கே, ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வெள்ளை வெளேரென்ற குன்றுகள் உள்ளன. ஆங்கிலேயர் அவற்றைத் தங்கள் மொழியில் 'சுண்ணாம்பு மலைகள்' என்று அழைத்தார்கள். ஆனால் அங்கே இருப்பது சுண்ணாம்பு அல்ல, மேக்னசைட் என்ற கனிமம். உள்ளூர் மக்கள் அதை வெள்ளைக்கல் என்பார்கள். அங்குள்ள ஓர் ஊருக்கு வெள்ளக்கல்பட்டி என்றே பெயர். ஒரு ரயில் நிலையத்தின் பெயர் மேக்னசைட் சந்திப்பு.

இந்த வெள்ளைக்கல் வந்த விதம் சுவையானது. குன்றுகளின் மூலப்பாறை டியூனைட். அது பெரும்பாலும் ஒலிவின் என்ற பச்சை நிறக் கனிமத்தால் ஆனது. ஒலிவின், மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த பொருள். கார்பன் டைஆக்சைடு கரைந்த நீர் பாறையின் விரிசல்கள் வழியாக ஊடுருவியபோது இந்த வேதிவினை நடந்தது:

Mg₂SiO₄ + 2CO₂ → 2MgCO₃ + SiO₂

ஒலிவின் சிதைந்து மேக்னசைட்டும் சிலிக்காவும் உருவாயின. அதனால்தான் பாறையெங்கும் வெள்ளை நரம்புகள் வலைபோல ஓடுகின்றன. ஆனால் அதே பாறையில் இருந்த குரோமைட், எளிதில் சிதையாத கனிமம். ஒலிவின் உருமாறினாலும் குரோமைட் தன் இயல்பை விடவில்லை. வெள்ளைப் பாறைக்கு நடுவே கறுப்புத் துண்டுகளாக அது தங்கிவிட்டது.

சேலத்திற்கு மேற்கே கஞ்சமலை. அதில் இரும்புத் தாதான மேக்னடைட் நிறைந்துள்ளது. ஆக, ஒரே ஊரைச் சுற்றி மூன்று கற்கள்: வெள்ளைக்கல், கஞ்சமலையின் இரும்புக்கல், டியூனைட்டில் ஒளிந்திருந்த கறுப்புக் குரோமைட். இந்த மூன்றையும் மறந்துவிடாதீர்கள். கதையின் முடிவில் மூன்றும் ஒன்றுசேரும்.

ஹீத்தும் 'குரோம்' கம்பெனியும்

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னை மாகாணத்துக்கு வந்த ஆங்கிலேயர். சேலம் வட்டாரக் கொல்லர்கள் சிறு மண் உலைகளில் இரும்பு உருக்குவதையும், மூடிய மண் மூசைகளில் உயர்தர எஃகு செய்வதையும் பார்த்து வியந்தார். இந்த எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். உருக்கு, உக்கு என்ற நம் தென்னிந்தியச் சொற்களின் திரிபு அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஹீத் வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் பெரிய இரும்பு உலையை நிறுவினார். பரங்கிப்பேட்டை இன்றைய கடலூர் மாவட்டத்தின் கடற்கரை ஊர். சேலத்து இரும்புத் தாது அங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது. காவிரி ஆற்றில் பரிசல்களில் தாது பயணம் செய்தது.

அதே ஆண்டுகளில் சேலத்து வெள்ளைக் குன்றுகளில் கருப்பூருக்கு அருகே குரோமைட் தோண்டப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஹீத்தின் முயற்சியோடு இணைந்த நிறுவனத்தின் பெயரே 'இந்திய எஃகு, இரும்பு, குரோம் கம்பெனி'. பெயரில் எஃகும் குரோமும் அருகருகே நின்றன. ஆனால் உலையில் அவை சேரவில்லை.

பின் எதற்காகக் குரோமைட்? சாயத்துக்கு! அன்று குரோமைட்டை அரைத்து, பொட்டாசியச் சேர்மங்களுடன் காற்றுப்பட வறுத்துக் குரோமேட் உப்பு எடுத்தார்கள். அதிலிருந்து பளிச்சென்ற குரோம் மஞ்சள் வண்ணம் கிடைத்தது. வண்டிகளுக்குப் பூசவும், துணி ஆலைகளில் சாயம் ஏற்றவும் அது பயன்பட்டது. சேலத்து மண்ணில் கூலிக்காரர்கள் வெட்டிய கறுப்புக் கல், இங்கிலாந்தில் மஞ்சள் வண்ணமாகவும் துணிச்சாயமாகவும் மாறுவதற்காகவே போனது.

சுரங்கம் ஏன் மூடியது?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு இந்த வேலை தொடரவில்லை. 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் சேலம் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து 1864இல் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். இந்த ஃபுட்தான் 1863இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர்.

சுரங்கத்தின் முடிவைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் உதவும்.

முதலாவது, பாறை. முன்பு சொன்னேனே, அடுக்கா, சிதறிய நரம்பா என்று? சேலத்தில் குரோமைட் மெல்லிய நரம்புகளும் சிறு முடிச்சுகளுமாகவே இருந்தது. ஒரு நரம்பைப் பின்தொடர்ந்து போனால் சிறிது தூரத்தில் அது மெலிந்து மறைந்துவிடும். ஒரு கூடை தாதுக்குப் பல கூடை வெறுங்கல்லை வெட்ட வேண்டும்.

இரண்டாவது, உலகச் சந்தை. அந்தக் காலத்தில் குரோமைட் வணிகம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த ஐசக் டைசன் என்பவரின் பிடியில் இருந்தது. மேரிலாண்டு, பென்சில்வேனியா மாநிலச் சுரங்கங்களிலிருந்து உலகத் தேவையின் பெரும்பகுதியை அவர் அனுப்பினார். 1848இல் துருக்கியில் வளமான குரோமைட் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. இவற்றோடு சேலத்தின் சிறு நரம்புகள் எப்படிப் போட்டியிடும்?

இரும்பு உலைக்கும் அதே கதிதான். அதற்கு மரக்கரி மலை மலையாகத் தேவைப்பட்டது. சுற்றுப்புறக் காடுகள் கரைந்தன. கரியைத் தூரத்திலிருந்து கொண்டுவரச் செலவு ஏறியது. தொழிற்சாலை நட்டத்தில் மூழ்கியது.

இது நமக்குப் புதிய கதையல்ல. ராசாவும் சிரம்பானும் ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் ஈயச் சுரங்க வட்டாரத்தின் பகுதிகள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது மலேசியாவில் பல சுரங்கங்கள் மூடின. மண்ணுக்குள் ஈயம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. அதைத் தோண்டினால் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. கனிமம் என்பது இயற்கையின் பொருள். 'தாது' என்பது மனிதன் கொடுக்கும் பட்டம். ஒரு கல்லில் உலோகம் இருந்தால் மட்டும் அது தாதுவாகிவிடாது. அதை இலாபத்துடன் எடுக்க முடிய வேண்டும். விலை, போக்குவரத்து, தொழில்நுட்பம் மாறினால் தாது வெறுங்கல்லாகும், வெறுங்கல் தாதுவாகும்.

பக்கத்தில் இருந்தும் சேராத இரண்டு

இனிமேல்தான் தம்ளரின் கதை.

இரும்புடன் குரோமியம் சேர்த்தால் என்னவாகும் என்று ஹீத்துக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் நம் ஊட்ஸ் எஃகின் இரகசியத்தைத் தேடும் முயற்சியில் எஃகோடு பல உலோகங்களைக் கலந்தார்கள். குரோமியமும் அவற்றில் ஒன்று. பிரான்சில் பியேர் பெர்த்தியே 1821இல், குரோமியம் கலந்த இரும்பை அமிலம் எளிதில் அரிப்பதில்லை என்று கண்டார்.

பிறகு ஏன் உடனே எவர்சில்வர் வரவில்லை? தடையாக நின்றது கார்பன். அன்று குரோமைட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கரியைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கரியின் கார்பன் உலோகத்தில் அதிகமாகக் கலந்துவிட்டது. கிடைத்த கலவை அமிலத்தைத் தாங்கியது. ஆனால் தட்டினால் நொறுங்கியது. நொறுங்கும் உலோகத்தில் தகடு அடிப்பது எப்படி? 1890களில் ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், கரிக்குப் பதிலாக அலுமினியத் தூளைக் கொண்டு கார்பன் கலவாத குரோமியம் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகே வழி திறந்தது.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்கள் விரைவில் தேய்வதைத் தடுக்க ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். அது துருப்பிடிக்கவில்லை. துப்பாக்கியைவிட அது சமையலறைக் கத்திக்குத்தான் பொருத்தம் என்று அவர் உணர்ந்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் நிக்கலும் சேர்த்த வகையை உருவாக்கியது. இன்று நம் வீட்டுத் தம்ளர், தட்டு, தூக்குச்சட்டி பலவும் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட இந்த வகையே. மலாய்ப் பாடநூலில் நீங்கள் படிக்கும் 'கெலுலி நிர் காராட்' இதுதான்.

ஷெஃபீல்ட் என்ற பெயரைக் கவனியுங்கள். சேலத்தை விட்டுச் சென்ற ஹீத் கடைசியில் சேர்ந்த இடமும் அதுதான். 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்த்து அதன் தரத்தை உயர்த்தும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். அங்குள்ள உற்பத்தியாளர்கள் பணம் தராமல் அம்முறையைப் பயன்படுத்த, வழக்கு மேல் வழக்கு நடத்தி, 1851இல் வறுமையில் இறந்தார். இரும்பையும் குரோமைட்டையும் ஒரே ஊரில் ஒருசேரக் கைக்கொண்டிருந்த மனிதர் அவர். இரண்டையும் சேர்க்கும் அறிவு அவர் இறந்து 62 ஆண்டுகள் கழித்து அதே நகரில் பிறந்தது.

துருவைத் தடுக்கும் மெல்லிய போர்வை

குரோமியம் எப்படித் துருவைத் தடுக்கிறது? இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. துரு சொரசொரப்பாகப் பொருக்குப்பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு, அதுவும் துருப்பிடிக்கும். கேட்டின் கதை அதுதான்.

குரோமியமும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் அதன் ஆக்சைடு உதிர்வதில்லை. சில நானோமீட்டர் தடிப்பில், கண்ணுக்குத் தெரியாத போர்வையாக மேற்பரப்பை இறுக மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஆக்சிஜன் உள்ளே போக முடியாது. பாட்டி சாம்பல் போட்டுத் தேய்த்துக் கீறினாலும் கவலையில்லை. கீறிய இடத்தில் காற்றுப்பட்டதும் போர்வை மீண்டும் தானே உருவாகிவிடும். இதற்குக் குரோமியம் குறைந்தது பத்தரை விழுக்காடாவது இருக்க வேண்டும்.

சேலத்திற்குத் திரும்பி வந்த குரோமியம்

1980களின் தொடக்கத்தில் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்திய அரசின் இந்த ஆலை செய்வது துருப்பிடிக்காத எஃகு! இந்திய நாணயங்களுக்கான எஃகு வில்லைகளும் அங்கே தயாராயின.

இந்தியாவின் குரோமைட்டில் மிகப் பெரும்பகுதி இன்று ஒடிசா மாநிலத்தின் சுகிந்தாப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. சேலத்துக் குன்றுகளின் கறுப்பு நரம்புகள் இன்று தாதுவல்ல, பாறைக்குள் ஒரு நினைவு மட்டுமே. ஆனால் அவற்றின் அயல்வீட்டுக்காரனான வெள்ளைக்கல்லின் வாழ்வு மாறியது. எஃகு உலையின் உட்சுவருக்கு, கடும் வெப்பத்தில் உருகாத செங்கல் வேண்டும். மேக்னசைட்டைச் சுட்டு அதைச் செய்யலாம் என்று தெரிந்தபின், 1900 வாக்கில் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெள்ளைக்கல் தோண்டப்பட்டது. ஹீத்தின் காலத்தில் கறுப்புக் கல் பொருள், வெள்ளைக் கல் குப்பை. பிறகு வெள்ளைக் கல் பொருளாயிற்று, கறுப்புக் கல்லை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எஃகு, அதன் பளபளப்பு, உலையின் சுவர் ஆகிய மூன்றுக்கும் வேண்டிய மூன்று கற்களும் ஒரே ஊரில் இருந்தன.

அண்டை மாவட்டமான நாமக்கல்லில் சித்தம்பூண்டி என்ற ஊர் உள்ளது. அங்கே 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அனார்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையும், அதனூடே குரோமைட் அடுக்குகளும் உள்ளன. அந்தக் குரோமைட்டில் இரும்பும் அலுமினியமும் அதிகம், குரோமியம் குறைவு. அதனால் எஃகுத் தொழிலுக்கு ஏற்றதாக இல்லை. ஆனால் நிலவின் மேட்டுநிலங்களும் அனார்தோசைட் வகைப் பாறையால் ஆனவை. எனவே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க, நாமக்கல் பாறையை அரைத்துச் செயற்கை நிலவு மண் தயாரித்தது. சுரங்கக்காரர்கள் ஒதுக்கிய பாறை, விண்வெளி ஆய்வாளர்களுக்குக் கிடைத்தற்கரிய பாறையானது.

நாணயத்தின் மறுபக்கம்

இத்தனை புகழ்ந்த பிறகு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் ஆசிரியன் அல்ல.

குரோமைட்டிலுள்ள குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +3. அது பெரும்பாலும் நீரில் கரையாமல், அமைதியாக இருக்கும். தம்ளரின் போர்வையிலும் அந்த வகையே உள்ளது. அதில் தண்ணீர் குடிக்க அஞ்ச வேண்டாம். ஆனால் குரோமைட்டைக் காரப்பொருளோடு காற்றில் வறுத்தால் ஆக்சிஜனேற்ற எண் +6 ஆகிறது. இது நீரில் எளிதில் கரையும், தோலைப் புண்ணாக்கும். இதன் தூசியை நீண்ட காலம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். ஒரே தனிமம், மூன்று எலக்ட்ரான்கள் மட்டுமே வேறுபாடு.

தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் 1970களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குரோமேட் உப்புகள் தயாரித்த ஓர் ஆலை இயங்கியது. அது மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவை அப்படியே விட்டுச் சென்றது. மழைநீர் பட்டு ஆறாம் நிலைக் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக மாறியது. அன்று சாயத்துக்காக விரும்பிய அதே மஞ்சள்! தோண்டுவதும் உருக்குவதும் தெரிந்தால் போதாது. வேலை முடிந்தபின் எப்படி மூடுவது என்பதும் அறிவியல்தான்.

நம் மாநிலத்திலும் ஓர் உறவுக்காரப் பாறை

குரோமைட்டின் தாய்ப்பாறைக்கு உறவினர்கள் நெகிரி செம்பிலானிலும் உண்டு. மலேசியத் தீபகற்பத்தின் நடுவே வடக்குத் தெற்காக பெந்தோங்–ரவூப் தையல் என்ற கோடு ஓடுகிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே ஒரு பெருங்கடல் இருந்தது. இரு பக்கத்து நிலங்களும் நெருங்கி மோதியபோது அந்தக் கடல் மூடியது. துணியின் இரு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த இடம்போல அந்தத் தடம் நின்றுவிட்டது. கடல் தரைக்கு அடியிலிருந்த பாறைத் துண்டுகள் சில அந்தத் தையலில் மாட்டிக்கொண்டன. நம் மாநிலத்தின் புக்கிட் ரோக்கான் பகுதியில் காணப்படும் செர்பன்டினைட் பாறை அவற்றில் ஒன்று. ஒலிவின் நிறைந்த பாறை நீரோடு வினைபுரிந்து உருவானது அது. இத்தகைய பாறையிலும் அதன்மேல் உண்டாகும் மண்ணிலும் குரோமியம், நிக்கல் கூடுதலாக இருப்பது இயல்பு. சுரங்கம் தோண்டும் அளவு அல்ல. ஆனால் புவியியல் படிக்க அது ஒரு திறந்த புத்தகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

100 கிராம் எடையுள்ள தம்ளரில் 18 விழுக்காடு குரோமியம் என்றால், அதில் 18 கிராம் குரோமியம். அதற்கு எவ்வளவு குரோமைட் வேண்டும்?

சார்பு அணுத்திணிவு: Fe = 56, Cr = 52, O = 16.
FeCr₂O₄இன் திணிவு = 56 + (2 × 52) + (4 × 16) = 224.
இதில் குரோமியத்தின் பங்கு = 104 ÷ 224 = ஏறத்தாழ 46.4 விழுக்காடு.
தேவையான குரோமைட் = 18 ÷ 0.464 = ஏறத்தாழ 39 கிராம்.

இது தூய குரோமைட்டின் கணக்கு. சுரங்கத்துக் கல்லில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் இன்னும் அதிகம் வேண்டும். பாட்டியின் தம்ளருக்குள் ஒரு கைப்பிடிக் கறுப்புக் கல் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீர் எடுங்கள். ஒன்றில் சாதாரண இரும்பு ஆணி, மற்றதில் எவர்சில்வர் கரண்டி. மூன்று நாள் கழித்து ஒப்பிடுங்கள்.

2. வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரங்களைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். 18–8 வகையைக் காந்தம் அநேகமாக இழுக்காது. நிக்கல் சேர்க்காத வகையை இழுக்கும். எது எது என்று பட்டியல் போடுங்கள்.

3. பீங்கான் ஓட்டின் வழவழப்பில்லாத பின்பக்கத்தில் கனிமத்தைத் தேய்த்தால் வரும் கோட்டின் நிறம் அதன் அடையாளம். மேக்னடைட் கறுப்புக் கோடு போடும், காந்தத்தில் வலுவாக ஒட்டும். குரோமைட் பழுப்புக் கோடு போடும், காந்தம் வலுவாக இழுக்காது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள கறுப்புக் கனிமங்களை ஆசிரியர் துணையோடு சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கல் தேடுகிறேன் என்று பழைய ஈயக் குட்டைகளின் பக்கம் போகாதீர்கள். கரை மணல் சரியும், ஆழம் வெளியே தெரியாது.

பாட்டிக்கு ஒரு பதில்

அந்த மாணவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறான். மறுநாள் வந்து சொன்னான்: "பாட்டி ரொம்ப நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார், சார். இதுவா எங்கள் ஊர்க் கல் என்று கேட்டார்."

அந்தத் தம்ளரின் குரோமியம் சேலத்துக் குரோமியம் என்று நான் சொல்லமாட்டேன். அநேகமாக அது வேறொரு மலையிலிருந்து வந்திருக்கும். ஆனால் பாட்டியின் கேள்வி சரியான கேள்வி. கல்லும் வெயிலும் மட்டுமே இருந்ததாக அவர் நினைத்த ஊரில் எஃகுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. அந்தக் கற்களைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அந்த மண்ணில் உழைத்த குடும்பங்களுக்குள் உருவாக வாய்ப்பில்லாமல் போனது. இன்று அந்த வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

இந்த வாரம் வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் முன்னோர் எந்த ஊர்? அந்த ஊரில் என்ன கல், என்ன மண்? பதிலை எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். பாறையில் தொடங்கிப் பேசுவோம்.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. கனிமம், தாது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சேலத்துக் குரோமைட்டையும் வெள்ளைக்கல்லையும் கொண்டு விளக்குக.

2. பெர்த்தியே 1821இல் கண்டது பயன்பாட்டுக்கு வர 90 ஆண்டுகளுக்கும் மேலானது ஏன்?

3. உங்கள் ஊரில் ஒரு சுரங்கம் மூடப்படுகிறது என்றால், மூடுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள்?